ஓயாப் பாறையை மீன் தொட்டிக்குள் கொண்டுவரலாமா?

மீன் தொட்டி: வாசகர் கேள்வி - பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். தொட்டியின் பின்பக்கக் கண்ணாடியை மறைக்க வீட்டிலேயே ஒரு பாறைச் சுவர் செய்வது எப்படி? ஹட்டனில் கண்ணாடி வெட்டி, சிலிக்கன் வைத்து, தொட்டி கட்டிப் பிழைக்கிறவன் நான். முப்பது வருடமாகப் போகிறது. எனக்கு மிகவும் பிடித்த வேலையைப் பற்றியே கேட்டிருக்கிறீர்கள். அதனால் மற்றக் கடிதங்களை அடுத்த இதழுக்கு வைத்துவிட்டு, இந்தப் பக்கம் முழுவதையும் இதற்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அப்பா பழைய மூன்றடித் தொட்டி ஒன்று வாங்கி வந்தார். அகலமும் உயரமும் ஒன்றரை அடி. புது பிரிட்ஜ் வந்த பெட்டியில் இருந்த ரெஜிபோமை (வெள்ளை நுரைப் பலகை) வைத்து அதற்குப் பாறைச் சுவர் செய்ய ஆசை. எப்படிச் செதுக்குவது, எதனால் ஒட்டுவது? சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறேன், நேரம் நிறைய இருக்கிறது. - வாசகி, நோர்வூட்

மகள், நேரம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வேலைக்கு முதலில் வேண்டிய சாமான் அதுதான். ரெஜிபோமும் சீமெந்தும் எந்தக் கடையிலும் கிடைக்கும். ஆறு வாரம் பொறுத்திருக்க ஆள் கிடைப்பதுதான் கஷ்டம்.

கத்தியை எடுப்பதற்கு முன் கெசல்கமுவ ஓயாவைப் போய்ப் பாருங்கள். மழை நாளில் ஆற்றில் இறங்க வேண்டாம், பாலத்தில் நின்று பார்த்தாலே போதும். நம் பாறைகளில் வெடிப்புகள் கண்டபடி ஓடாது. பெரும்பாலும் ஒரே சாய்வில், ஒன்றுக்கொன்று பக்கத்தில் ஓடும். தண்ணீர் அடிக்கிற மேல் விளிம்பு உருண்டு வழவழப்பாக இருக்கும். அதற்குக் கீழே, தண்ணீர் படாத வயிற்றுப் பக்கம் கூர்மையாக உள்ளே குடைந்து, இருட்டாக இருக்கும். அந்த இருட்டைத்தான் நீங்கள் செதுக்க வேண்டும். தொட்டிக்கு வெளிச்சம் மேலே இருந்து வருகிறது. மேலே ஒரு பாறை அரை அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டு நின்றால் அதன் கீழே நிழல் விழும், சுவருக்கு ஆழம் வந்துவிடும். முதல் தடவை செய்கிற எல்லோரும் ஒரே அளவில் உருண்டை உருண்டையாகச் செதுக்குவார்கள். பார்த்தால் லட்டு அடுக்கியது போல இருக்கும். பெரிய பாறை இரண்டு, நடுத்தரம் மூன்று நான்கு, மற்றதெல்லாம் வெடிப்பும் படியும். அவ்வளவு போதும். செதுக்கிய பிறகு ராத்திரி லைட்டை அணைத்துவிட்டு, டோர்ச்சை மேலே பிடித்துப் பாருங்கள். எங்கே நிழல் இல்லையோ அங்கே இன்னும் வெட்ட வேண்டும்.

பல் வைத்த பாண் வெட்டும் கத்தி நல்லது. சின்னச் சின்ன இடங்களில் விரலாலேயே கிள்ளி எடுக்கலாம், கிள்ளிய இடம் கத்தி வெட்டை விட இயற்கையாகத் தெரியும். சிலர் மெழுகுவர்த்தியில் சுட்டு உருக்குவார்கள். அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது, வேண்டாம். இன்னொரு விஷயமும் உண்டு. வெட்டும்போது வெள்ளை மணிகள் கொட்டிக்கொண்டே இருக்கும், காற்றடித்தால் இஸ்தோப்பு முழுக்கப் பறக்கும், அங்கிருந்து கானுக்குப் போகும், கானிலிருந்து ஓயாவுக்குப் போகும். ஈரச் சாக்கை விரித்து அதன் மேல் வைத்து வெட்டுங்கள். மணிகள் ஒட்டிக்கொள்ளும். கூட்டி எடுத்து ஒரு பையில் கட்டிவிடலாம். எந்த ஓயாவைப் பார்த்துச் செதுக்குகிறோமோ அதற்குள்ளேயே குப்பையைப் போடக் கூடாது அல்லவா?

அளவு எடுக்கும்போது உட்பக்க அளவை எடுங்கள். தொட்டியின் மேல் விளிம்பில் குறுக்கே கண்ணாடிப் பட்டி ஒட்டியிருந்தால், மூன்றடிச் சுவரை ஒரே துண்டாக உள்ளே இறக்க முடியாது. முழுச் சுவரையும் செதுக்கி முடித்துவிட்டுக் கடைசியில் உள்ளே போகுமா என்று பார்த்தால், கண்ணீர்தான் வரும். ஆரம்பத்திலேயே இரண்டு மூன்று துண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நேர்கோட்டில் வெட்டாமல், செதுக்கிய வெடிப்பின் வழியே வெட்டினால், ஒட்டிய பிறகு எது வெடிப்பு, எது மூட்டு என்று யாருக்கும் தெரியாது. நாலு பக்கமும் ஒரு நூல் அளவு (எட்டில் ஒரு பங்கு அங்குலம்) இடம் விட்டு வெட்டுங்கள், சீமெந்து பூசினால் தடிப்புக் கூடும். பில்டர் குழாய்க்கும் ஹீட்டருக்கும் ஒரு மூலையை ஒதுக்கி வையுங்கள். ஹீட்டர் ரெஜிபோமைத் தொடவே கூடாது, இரண்டு அங்குலமாவது தள்ளி நிற்க வேண்டும்.

சுவரை ஒட்டுவது கண்ணாடி ஒட்டுகிற சிலிக்கன் பசையால். துண்டின் மேல் துண்டு ஒட்டித் தடிப்பாக்க வேண்டுமென்றாலும் சிலிக்கன்தான். சப்பாத்து ஒட்டும் பசையும், ஸ்பிரே பெயின்ட்டும், தின்னரும் பட்டால் ரெஜிபோம் கரைந்து குழி விழும்.

பூச்சுக்கு வெறும் சீமெந்து போதும். தண்ணீர் கசியாமல் இருக்க மருந்து கலந்த சீமெந்து, பூஞ்சணம் பிடிக்காத டைல் பூச்சு, இவை இரண்டும் மீனுக்கு விஷமாகலாம். முதல் பூச்சு மோர் பதத்தில், பிரஷ்ஷால் ஒவ்வொரு குழிக்குள்ளும் போக வேண்டும். அடுத்த இரண்டும் தோசை மாவுப் பதம். ஒரு பூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு நாள் விடுங்கள், பனி விழுகிற நாளென்றால் இரண்டு நாள். அதுவரை காய்ந்து வெடிக்காமல் ஈரத் துணியால் மூடி வையுங்கள். பின்பக்கம் மட்டும் பூசாமல் வெறும் ரெஜிபோமாகவே இருக்கட்டும். கண்ணாடியில் ஒட்டப்போவது அந்தப் பக்கம்தான்.

நிறத்துக்கு, தரைக்குப் போடுகிற நிறப் பொடி. லயத்து இஸ்தோப்பில் சிவப்பாகப் பளபளக்கிறதே, அதே பொடிதான். அதோடு கறுப்புப் பொடி கொஞ்சம். கடைசிப் பூச்சைக் கறுப்புக் கலந்து கரும்பழுப்பாக முழுக்கப் பூசுங்கள். கை வைத்தால் ஒட்டாமல், ஆனால் இன்னும் ஈரமாக இருக்கும் நேரம் ஒன்று வரும். அப்போது நனைத்துப் பிழிந்த ஸ்பொன்ஜால் மேடான இடங்களை மட்டும் ஒரு தடவை லேசாகத் துடையுங்கள். மேட்டில் கறுப்புப் போய்க் கீழே இருக்கும் சாம்பல் நிறம் எட்டிப் பார்க்கும், வெடிப்புக்குள் கறுப்பு அப்படியே நிற்கும். அந்த ஒரு துடைப்பில்தான் ரெஜிபோம் பாறையாகிறது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்த நேரத்துக்காகவே இந்த வேலையைச் செய்யலாம் போலிருக்கும். பச்சை மட்டும் பூசாதீர்கள். இரண்டு மாதத்தில் பாசி தானாக வந்து பூசிக்கொள்ளும்.

சரி, இனி ஒட்டுவது. இங்கேதான் ஒரு கணக்குச் சொல்ல வேண்டும். மூன்றடிக்கு ஒன்றரை அடி, இரண்டு அங்குலத் தடிப்பு ரெஜிபோம் என்றால், அது தொட்டிக்குள் 21 லீற்றர் இடத்தைப் பிடிக்கும். அதை நீருக்குள் அமுக்கி வைத்தால், ஏறக்குறைய 20 கிலோ கனத்தைத் தூக்குகிற விசையோடு மேலே தள்ளும். ஒரு நாள் முழுக்கப் பறித்த கொழுந்துச் சாக்கு ஒன்றைக் கீழிருந்து யாரோ தூக்குவது போல, ராவும் பகலும். பாதியைச் செதுக்கி எடுத்தாலும் 10 கிலோ மிஞ்சும். சீமெந்தின் பாரம் இதை அமுக்கும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. மூன்று பூச்சும் சேர்ந்து இரண்டு மூன்று கிலோதான் வரும்.

தொழில் பழகிய காலத்தில் என் வீட்டுத் தொட்டியில் எட்டு இடத்தில் மட்டும் சிலிக்கன் பொட்டு வைத்து ஒட்டினேன். இரண்டாம் நாளே தண்ணீர் நிரப்பினேன். நடுச்சாமத்தில் டமார் என்று ஒரு சத்தம். சுவர் பெயர்ந்து மேலே எழும்பி, குறுக்குப் பட்டியைத் தட்டி உடைத்துவிட்டது. முன் கண்ணாடி பிதுங்கி மூட்டு விட்டு, காம்பரா முழுக்கத் தண்ணீர். கரண்ட் வயர் தரையில் கிடந்தது. மனைவி இருட்டில் எழுந்து காலை வைப்பதற்குள் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு திடுக்கிடுகிறது. அதனால்தான் இந்தப் பகுதியை இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

சிலிக்கன் வாங்கும்போது, காயும் நேரத்தில் வினாகிரி வாசம் வருகிற கண்ணாடிச் சிலிக்கனைக் கேட்டு வாங்குங்கள். குளியலறைக்கென்று பூஞ்சண மருந்து சேர்த்து விற்பது வேண்டாம். பின் கண்ணாடியை உட்பக்கம் சவர்க்காரம் போட்டுக் கழுவி, காயவிட்டு, சேர்ஜிகல் ஸ்பிரிட்டால் துடையுங்கள். பழைய சிலிக்கன் துளி ஏதும் இருந்தால் பிளேட்டால் சுரண்டிவிட வேண்டும், காய்ந்த சிலிக்கன் மேல் புதுச் சிலிக்கன் நன்றாகப் பிடிக்காது. அப்புறம் தொட்டியை மல்லாக்கப் படுக்க வையுங்கள், பின் கண்ணாடி கீழே வர வேண்டும். அடியில் தடித்த போர்வை. தனியாகத் தூக்காதீர்கள், அப்பாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சிலிக்கனை முழுக்க அப்பக் கூடாது. அது காற்றில் இருக்கும் ஈரத்தை எடுத்துத்தான் இறுகும். இரண்டு பரப்புக்கு நடுவே அடைபட்டால் ஓரம் காய்ந்து நடு மாதக்கணக்கில் களியாகக் கிடக்கும். சுண்டு விரல் தடிப்பில் வரி வரியாக, இரண்டு அங்குல இடைவெளி விட்டு இழுங்கள். துண்டை வைத்து அமுக்கி, மேலே துணி விரித்து, தண்ணீர் நிறைத்த போத்தல்களைப் பாரமாகப் படுக்க வையுங்கள். இரண்டு நாள் கழித்துப் போத்தல்களை எடுத்துவிட்டு, சுவரின் நாலு ஓரத்திலும் மூட்டுகளிலும் சிலிக்கன் இழுத்து அடையுங்கள். ஒரு விரல் போகிற சந்து இருந்தாலும் குட்டி மீன் அதற்குள் புகுந்து வெளியே வரத் தெரியாமல் செத்துப்போகும். டியூப்பில் 24 மணித்தியாலம் என்று போட்டிருப்பார்கள். அது மெல்லிய வரிக்கும் வெப்பமான ஊருக்கும் பொருந்தும். ஏறக்குறைய 4,000 அடி உயரத்தில் இருக்கிற நமக்கு ஒரு முழு வாரம் வையுங்கள். வினாகிரி வாசம் துளிகூட இல்லாமல் போக வேண்டும்.

முதலில் பாதித் தொட்டி தண்ணீர், ஒரு நாள். பிறகு முழுத் தொட்டி. மீன் விடுவது எப்போது என்பதற்கு அடுத்த பதிலையும் படியுங்கள், அது உங்களுக்கும் சேர்த்துத்தான்.

கேள்வி: சீமெந்துப் பாறைச் சுவர் வைத்து, நன்றாகக் காய்ந்த பிறகுதான் கப்பி மீன்களை விட்டேன். மறுநாளே செட்டையை ஒடுக்கிக்கொண்டு மேலே வந்து மூச்சு வாங்கின. ஐந்து செத்துவிட்டன. மிச்சத்தைக் காப்பாற்ற முடியுமா? - வாசகர், தலவாக்கலை

தம்பி, முதலில் மீனை எடுங்கள். சுத்தமான வாளி ஒன்றில் இப்போதுள்ள தொட்டித் தண்ணீரையே பாதிக்கு எடுத்து மீன்களை விட்டு, நல்ல தண்ணீரைக் கோப்பை கோப்பையாக இரண்டு மணித்தியாலம் எடுத்துச் சேருங்கள். சட்டென்று புதுத் தண்ணீரில் போட்டால் அந்த அதிர்ச்சியே கொன்றுவிடும்.

காரணம் சுண்ணாம்பு. சீமெந்து காய்ந்து கல்லானாலும் அதிலிருந்து சுண்ணாம்பு தண்ணீரில் கசிந்துகொண்டே இருக்கும், தண்ணீரின் பி.எச். (புளிப்பா காரமா என்று காட்டும் அளவு) 9, 10 என்று ஏறும். பி.எச். ஏறினால் மீன் கழிவில் இருந்து வரும் அமோனியாவின் விஷமும் கூடும், ஆகவே அடி இரண்டு பக்கமும் விழுகிறது. நம் மலைத் தண்ணீருக்கு இதில் தனிப் பலவீனம் ஒன்று உண்டு. யாழ்ப்பாணத்தில் கிணறு வெட்டினால் சுண்ணக்கல், அங்கே தண்ணீரே கடினம். நம் ஊற்றுத் தண்ணீர் கரும்பாறையில் இறங்கி வருவது. சோப்புப் போட்டால் நுரை அள்ளிக்கொண்டு வருகிறதே, அவ்வளவு மென்மை. குடிக்க அருமை. ஆனால் பி.எச். மாறாமல் பிடித்து வைக்கிற உப்புகள் அதில் குறைவு, கொஞ்சம் சுண்ணாம்பு கசிந்தாலும் தாங்காது. சமவெளியில் இருக்கிறவர் இரண்டு வாரம் ஊறவிட்டால் போதும் என்று சொன்னதை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

உங்கள் சுவர் ஏற்கெனவே ஒட்டியாகிவிட்டது. தொட்டியை வடித்து, சுவரின் மேல் வினாகிரி கலந்த தண்ணீரைப் பிரஷ்ஷால் பூசி, பத்து நிமிடம் விட்டுக் கழுவுங்கள். மீன் இருக்கும்போது வினாகிரி ஊற்றவே வேண்டாம். பிறகு நிரப்பி, மூன்று நாளுக்கு ஒரு தடவை முழுத் தண்ணீரையும் மாற்றுங்கள், நாலு வாரம். மீன் கடையில் பி.எச். பார்க்கிற சொட்டு மருந்து சின்னப் போத்தலில் விற்பார்கள். தொட்டித் தண்ணீரில் ஒரு குழாய், உங்கள் பைப் தண்ணீரில் ஒரு குழாய், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிறம் பாருங்கள். தண்ணீர் மாற்றி இரண்டு நாள் கழித்தும் இரண்டும் ஒரே நிறமாக இருந்தால்தான் மீன்.

இன்னும் ஒட்டாமல் இருக்கிறவர்களுக்கு (நோர்வூட் மகளுக்கும்) இதைவிட லேசான வழி உண்டு. கடைசிப் பூச்சு முடிந்து ஒரு வாரம் மூடி வைத்துவிட்டு, துண்டுகளை வெளியே மழையில் போடுங்கள். நம் பக்கத்தில் ஆனி, ஆடி மழை சும்மா பெய்து ஓடுகிறது. அந்தத் தண்ணீரைவிட நன்றாகச் சுண்ணாம்பைக் கழுவி எடுக்கிற தண்ணீர் எதுவும் இல்லை. மூன்றடித் தொட்டி கொள்ளும் 170 லீற்றரை மூன்று நாளுக்கொரு தடவை வாளியால் தூக்குகிற வேலையும் மிச்சம். பைப்பில் தண்ணீர் முறை வைத்து வருகிற லயங்களில் அது பெரிய வேலை. மூன்று வாரம் நனையட்டும், பிறகு நன்றாகக் காயவைத்து ஒட்டுங்கள், ஈர ரெஜிபோமில் சிலிக்கன் பிடிக்காது. ஒட்டிய பிறகு சொட்டு மருந்துப் பரிசோதனையை மட்டும் விடாதீர்கள்.

கேள்வி: தொட்டியில் மீன் ஓடிக்கொண்டிருக்கிறது. வடிக்காமல் உள்ளேயே சுவரை ஒட்ட முடியாதா? - வாசகி, வெலிமடை

முடியாது, தங்கச்சி. ஈரக் கண்ணாடியில் சிலிக்கன் பிடிக்காது, அது காயும்போது வெளிவரும் அமிலமும் மீனுக்கு ஆகாது. மீன்களை ஒரு பிளாஸ்டிக் பீப்பாயில் மாற்றி, பில்டரையும் அதற்குள்ளேயே ஓடவிடுங்கள். பில்டர் ஸ்பொன்ஜைப் பைப் தண்ணீரில் கழுவ வேண்டாம். டவுன் தண்ணீரில் குளோரின் இருக்கும், அழுக்கைத் தின்கிற நல்ல பக்டீரியாவெல்லாம் செத்துப்போகும். ஒன்றரை மாதம் பீப்பாயில் பார்த்துக்கொள்ள முடியாதென்றால், இப்போதைக்குப் பின் கண்ணாடியின் வெளிப்பக்கம் பின்னணிப் படம் ஒட்டுங்கள்.

கேள்வி: தொட்டியின் பின்னால் பின்னணிப் படம் ஒட்டியவன் நான். கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே காற்றுத் திட்டுகள் வெள்ளி போல மின்னுகின்றன. - ஆசிரியர், நுவரெலியா

சேர், படத்தைக் கழற்றி, கண்ணாடியின் வெளிப்பக்கத்தைத் துடைத்து, மருந்துக் கடையில் கிடைக்கும் கிளிசரினை மெல்லியதாகத் தடவுங்கள். இல்லையென்றால் சமையல் எண்ணெயும் சரி. படத்தை ஒரு ஓரத்திலிருந்து வைத்து, அடிமட்டத்தால் காற்றைத் தள்ளிக்கொண்டே போங்கள். திட்டு எல்லாம் மறைந்து, படம் தண்ணீருக்குள் இருப்பது போலத் தெரியும். ஓரங்களை டேப்பால் அடைத்துவிடுங்கள். வகுப்பறைத் தொட்டி என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் படத்தைவிட வெறும் கறுப்புத் தாள் நல்லது என்பது என் எண்ணம். பிள்ளைகளின் கண் படத்துக்குப் போகாமல் மீனுக்குப் போகும்.

கேள்வி: கரும்பழுப்புச் சுவர் வைத்தாகிவிட்டது. என்ன மீன் விட்டால் அழகு? - வாசகர், இராகலை

ஹீட்டர் இல்லையென்றால் தங்க மீன். இராகலைக் குளிரில் அது சுகமாக இருக்கும், கரும்பழுப்புக்கு முன்னால் அந்தச் செம்மஞ்சள் விளக்குப் போல நிற்கும். டேங்க் கிளீனர் என்று விற்கிற மீன் மட்டும் வேண்டாம். அது ராத்திரி முழுக்கச் சுவரைச் சுரண்டும், பூச்சு மெல்லிசாக இருக்கிற இடத்தில் ரெஜிபோம் வரைக்கும் போய்விடும்.

ஹீட்டர் வைத்து 24 பாகையில் பிடிக்க முடியுமென்றால், நம் நாட்டு மீனையே விடுங்களேன். சிங்களத்தில் புலத் ஹபயா என்பார்கள், வெற்றிலை மெல்பவன் என்று அர்த்தம். ஒரு விரல் நீளத்துக்குச் சற்றுக் குறைவு. உலகத்தில் இந்த மீனுக்குச் சொந்த ஊர் இலங்கைதான், தென்மேற்கு ஈர வலயத்து நிழல் ஓடைகள். 1868இலேயே விஞ்ஞானிகள் பெயர் வைத்து எழுதிவிட்டார்கள். கடையில் வெள்ளைத் தொட்டியில் பார்த்தால் சாம்பல் உடம்பில் மூன்று கறுப்புப் பட்டி, அவ்வளவுதான், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். வெளிச்சமான பின்புறம் இருந்தால் மீன் தன் நிறத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். கரும்பாறைச் சுவருக்கு முன்னால் இரண்டு வாரம் விடுங்கள். ஒரு காலை லைட்டைப் போடும்போது ஆண் மீனின் தலையும் முன் உடம்பும் வெற்றிலை போட்ட வாய் போலச் சிவந்திருக்கும், பின்பாதி கறுத்திருக்கும். நான் வீட்டில் ஆறு வைத்திருக்கிறேன். இரண்டு ஆண்கள் ஒன்றையொன்று சுற்றி வரும்போது, தேத்தண்ணி ஆறிப்போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஓடையில் போய்ப் பிடிக்காதீர்கள், பண்ணையில் வளர்த்த குஞ்சாகக் கேட்டு வாங்குங்கள். ஆறுக்குக் குறையாமல், இரண்டு ஆணுக்கு நாலு பெண் என்ற கணக்கில். சுவரில் எங்காவது ஒரு குழியில் கொஞ்சம் பாசிச் செடியை நூலால் கட்டி வையுங்கள். முட்டை இடுவதென்றால் அதற்குள்தான் போகும்.